முதல் ஸ்ட்ராங்மேன் போட்டிக்குத் தயாராகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆணழகன் போட்டி, பவர்லிஃப்டிங், ஸ்ட்ராங்மேன் மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. ஆணழகன் மேடையில் உடற்கட்டுக்குத்தான் மதிப்பெண். எத்தனை கிலோ தூக்குவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பவர்லிஃப்டிங்கில் ஸ்குவாட் (தோளில் சுமையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (கீழிருந்து எடுத்து நிமிர்வது) என மூன்றே தூக்கு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. ஸ்ட்ராங்மேனில் பொருள் மாறிக்கொண்டே இருக்கும்: கல், மணல் மூட்டை, உருளைக் கட்டை, டயர், சில சமயம் லாரி. தூக்கியதோடு வேலை முடியாது. தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், மேடைமேல் ஏற்ற வேண்டும், அதுவும் பெரும்பாலும் 60 நொடிக்குள். மூச்சு வாங்கும்போதும் பலம் இருக்கிறதா என்று பார்க்கிற போட்டி இது.

இளவட்டக்கல் தூக்கிப் பழக்கம் உண்டு. அது உதவுமா?

நிறையவே உதவும். தென்மாவட்டங்களில் பொங்கலுக்கு இன்றும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பெண்களும் கலந்துகொள்கிறார்கள். ஐஸ்லாந்தின் ஹூசாஃபெல் கல் (186 கிலோ), ஸ்காட்லாந்தில் பொட்டார்ச் பாலத்தருகே கிடக்கும் டின்னி கற்கள் (இரண்டும் சேர்ந்து 332 கிலோவுக்குச் சற்று மேல்) எல்லாம் இதே வம்சம்தான். பிடியே இல்லாத உருண்டையை அணைத்து எடுத்து மடியில் உட்காரவைக்கத் தெரிந்தவருக்கு, பார் மட்டுமே பிடித்துப் பழகியவரைவிடப் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு வித்தியாசத்தை மறக்க வேண்டாம். இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடுவது வழக்கம். போட்டியில் அட்லஸ் கல்லை (கான்கிரீட் உருண்டை) எதிரே இருக்கும் மேடையில் வைக்கச் சொல்வார்கள், அல்லது குறுக்குக் கம்பிக்கு மேலாக அந்தப்பக்கம் தள்ளச் சொல்வார்கள். தோளுக்கு ஏற்றும் பழக்கம் இருப்பவர் மேடைக்கு ஏற்றும்போதும் ஒரு பக்கமாகச் சாய்வார். அந்தச் சாய்வைப் பயிற்சியிலேயே எடுத்துவிட வேண்டும்.

முதலில் உடம்பைத் தயார் பண்ணிவிட்டுப் பெயர் கொடுப்பதா, பெயர் கொடுத்துவிட்டுத் தயாராவதா?

பெயர் கொடுத்துவிட்டுத் தயாராவதே சரி. "இன்னும் கொஞ்சம் பலம் வரட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் மூன்று வருடம் கழித்தும் அதையேதான் சொல்கிறார்கள். முக்கியமான காரணம் வேறு: போட்டியின் விதித்தாள்தான் உங்கள் பயிற்சித் திட்டம். அது கையில் இல்லாமல் பயிற்சி செய்வது பாடத்திட்டம் தெரியாமல் பரீட்சைக்குப் படிப்பது போல.

அமைப்பாளரிடம் கேட்க வேண்டியவை: உங்கள் பிரிவுக்கு ஒவ்வொரு பொருளும் எத்தனை கிலோ? புதியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டா? லாக்கின் (தலைக்கு மேல் தூக்கும் உருளைக் கட்டை) விட்டம் 10 இஞ்சா, 12 இஞ்சா? டெட்லிஃப்ட் சாதாரண பாரிலா, ஆக்ஸில் என்கிற தடித்த கம்பியிலா, தரையிலிருந்தா, உயரத்திலிருந்தா? ஸ்ட்ராப்புக்கு (கையைப் பாரோடு சேர்த்துச் சுற்றும் பட்டை) அனுமதி உண்டா? ஃபார்மர்ஸ் வாக்கில் (இரண்டு கையிலும் எடையைத் தூக்கிக்கொண்டு நடப்பது) கீழே வைத்தால் மறுபடி எடுக்கலாமா? கல்லை ஏற்றும் மேடையின் உயரம் எத்தனை செ.மீ.? தரை புல்லா, கான்கிரீட்டா? கடைசிக் கேள்வியைக் கேட்பவர் குறைவு. புல்லில் ஓடிப் பழகிய காலணி, தூசி படிந்த சிமென்ட் தரையில் வழுக்கும்.

குறைந்தபட்சம் எவ்வளவு பலம் வேண்டும்?

தோராயமான அளவுகோல்: ஸ்குவாட் உங்கள் எடையைப்போல் ஒன்றரை மடங்கு, டெட்லிஃப்ட் ஒன்றே முக்கால் மடங்கு, தலைக்கு மேல் பிரஸ் முக்கால் மடங்கு. 80 கிலோ ஆள் என்றால் 120, 140, 60. இதைவிட முக்கியமானது விதித்தாளில் இருக்கும் எடை. பிரிவுக்கான லாக் எடையை ஒரு முறையாவது தூக்க முடியுமா? ஃபார்மர்ஸ் எடையோடு ஐந்து மீட்டராவது போக முடியுமா? 12 வாரம் முன்பு ஐந்தில் மூன்று நிகழ்வுகளுக்கு "முடியும்" என்று பதில் வந்தால் பெயர் கொடுங்கள். ஒன்றுக்குமே முடியாவிட்டால் எடை குறைவான பிரிவோ அடுத்த போட்டியோ பாருங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவார்கள்?

பெரும்பாலும் இடத்தை வைத்து. எட்டுப் பேர் என்றால் ஒரு நிகழ்வில் முதல் வந்தவருக்கு 8, கடைசி ஆளுக்கு 1. ஒரு முறைகூடச் சரியாகத் தூக்காதவருக்கு 0. ஒரு நிகழ்வில் முதலிடம், அடுத்ததில் பூஜ்யம் என்றால் 8 புள்ளி. இரண்டிலும் மூன்றாம் இடம் என்றால் 12. அதனால் முதல் போட்டியில் குறிக்கோள் ஒன்றுதான்: எதிலும் பூஜ்யம் வாங்காமல் இருப்பது. பயிற்சி நேரத்தில் பாதியை உங்கள் பலவீனமான நிகழ்வுக்குக் கொடுங்கள். டெட்லிஃப்டில் கில்லாடி என்றால் அதை ரசித்து ரசித்துச் செய்யத் தோன்றும். அங்கே கூடப்போவது ஒரு புள்ளி. லாக்கில் பூஜ்யம் வாங்கினால் போவது அத்தனையும்.

12 வாரத்தை எப்படிப் பிரிப்பது?

வாரம் நான்கு நாள் போதும். ஒரு நாள் தலைக்கு மேல் பிரஸ், ஒரு நாள் ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும், ஒரு நாள் மேல்முதுகும் பிடியும், ஞாயிறு காலை நிகழ்வுப் பயிற்சி. ஞாயிற்றுக்கு முந்தைய நாள் முதுகை வதைக்கும் எதுவும் வேண்டாம்.

முதல் நான்கு வாரம்: ஜிம் தூக்குகளில் 5 முறை வீதம் 4 சுற்று, ஒரே முறை தூக்க முடிகிற உச்ச எடையின் 70 முதல் 77 சதவீதம் வரை. ஞாயிறு நிகழ்வுகளில் போட்டி எடையின் 60 சதவீதம், தூரத்தைக் கூட்டி. 20 மீட்டர் போட்டி என்றால் 30 மீட்டர் நடங்கள். இந்தக் கட்டத்தில் கற்க வேண்டியது வேகமும் காலடியும்.

அடுத்த நான்கு வாரம்: 3 முறை வீதம் 5 சுற்று, 80 முதல் 85 சதவீதம். நிகழ்வு எடை 75 முதல் 90 வரை ஏறும். எட்டாவது வாரத்தில் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விட்டு ஒன்பதாம் வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

9, 10 வாரங்கள்: போட்டி எடை, போட்டி தூரம், போட்டி நேரம். ஒரு ஞாயிறாவது எல்லா நிகழ்வுகளையும் போட்டி வரிசையிலேயே, இடையில் 20 நிமிடம் விட்டுச் செய்து பாருங்கள். நான்காவது நிகழ்வில் கை பிடிக்காமல் போவது அன்றுதான் தெரியும்.

11ஆம் வாரம் கனமான டெட்லிஃப்ட் கிடையாது. கடைசிக் கனமான டெட்லிஃப்டுக்கும் போட்டிக்கும் இடையே 10 முதல் 14 நாள் வேண்டும். அந்த வார ஞாயிறு நிகழ்வு எடை 80 சதவீதம் போதும். கடைசி வாரம் இரண்டே முறை, 50 சதவீதத்தில், வேர்க்குமுன் முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் பலம் கூடாது; களைப்பு மட்டும்தான் கூடும்.

எங்கள் ஊர் ஜிம்மில் பாரும் டம்பெல்லும்தான் இருக்கின்றன. கருவிக்கு எங்கே போவது?

வெல்டிங் பட்டறைக்கு. வரைபடம் போட்டு, அளவை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள்.

ஆக்ஸில்: ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. குழாயின் வெளிவிட்டம் 48.3 மி.மீ. ஒலிம்பிக் பிளேட்டின் துளை 50 மி.மீ. என்பதால் அப்படியே நுழையும். கனமான சுவருள்ள வகையாக 2.1 மீட்டர் வாங்கி, பிளேட் உள்ளே நகராதபடி இரண்டு வளையம் வெல்டு செய்தால் ஆயிற்று. பழைய ஜிம்களில் 28, 30 மி.மீ. துளையுள்ள பிளேட்டுகள்தான் இருக்கும். முதலில் அதை அளந்து பாருங்கள். இந்தக் குழாய் பிரஸ் செய்யப் போதும். கனமான டெட்லிஃப்டுக்கு வளைந்துவிடும்.

லாக்: 10 இஞ்ச் எம்.எஸ். குழாய் (வெளிவிட்டம் 273 மி.மீ.), சுவர் 5 மி.மீ., நீளம் 1.4 மீட்டர் என்றால் வெறும் குழாயே ஏறத்தாழ 46 கிலோ. புதியவருக்கு அது அதிகம். 8 இஞ்ச் (219 மி.மீ.), சுவர் 4 மி.மீ., நீளம் 1.3 மீட்டர் என்றால் 28 கிலோவில் நிற்கும். இரண்டு கைப்பிடிக்கும் நடுவே 60 செ.மீ. இருக்கட்டும். வெட்டிய ஓரத்தைக் கிரைண்டரால் மழுக்கச் சொல்ல மறந்தால் முன்கைத் தோல் போய்விடும்.

ஃபார்மர்ஸ் வாக்: 20 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பினால் 20 கிலோ, உலர்ந்த மணல் என்றால் 32 கிலோ. கேனின் பிளாஸ்டிக் பிடி கையை வெட்டும், மணல் எடையில் பிய்ந்தும் போகும். அதனால் கேனைக் கயிறு போட்டுக் கட்டி, கயிற்றை ஓர் இரும்புக் குழாய்த் துண்டில் முடிந்து அதைப் பிடியுங்கள். அதற்கு மேல் போக பட்டறைதான் வழி.

மணல் மூட்டை: தடித்த தார்ப்பாய்த் துணியில் இரட்டைத் தையல் போட்டுப் பை தைத்து, மணலை 10 கிலோ பிளாஸ்டிக் உறைகளில் கட்டி உள்ளே போடுங்கள். நேரடியாக மணல் கொட்டினால் தையல் வழியே மாவாகக் கொட்டும். பையை முட்ட நிரப்பாதீர்கள். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால்தான் போட்டி மூட்டை மாதிரி கையை விட்டு நழுவும். 50 கிலோ சிமென்ட் மூட்டையை வைத்துப் பழகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டாவது முறை கீழே போட்டதும் அது கிழியும், சிமென்ட் கண்ணிலும் மூச்சிலும் போகும்.

அட்லஸ் கல்லை நாமே வார்க்கலாமா?

தாராளமாக. விட்டம்தான் எடையைத் தீர்மானிக்கிறது: 12 இஞ்ச் சுமார் 35 கிலோ, 14 இஞ்ச் 56, 16 இஞ்ச் 84, 18 இஞ்ச் 120. இரண்டு இஞ்ச் கூடினால் எடை எப்படித் தாவுகிறது என்று பாருங்கள்; அதனால் முதல் கல் 14 இஞ்ச் போதும், அடுத்தது 16.

16 இஞ்ச் கல்லுக்குச் சிமென்ட் 14 கிலோ, எம்-சாண்ட் 15 லிட்டர், சிறுஜல்லி 29 லிட்டர், தண்ணீர் 7 லிட்டர். கொத்தனார் மொழியில் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. முக்கால் இஞ்ச் ஜல்லி வேண்டாம், பரப்பில் பள்ளம் விழும். கலவை இளகலாக இருந்தால் வார்க்கச் சுலபம், ஆனால் காய்ந்ததும் விரிசல் விடும். ஊற்றும்போது அச்சின் வெளிப்புறத்தை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தால் காற்றுக்குமிழி மேலே வந்துவிடும். 48 மணி நேரம் கழித்து அச்சைப் பிரித்து, ஈரச் சாக்கு போர்த்தி, 28 நாள் தண்ணீர் காட்டுங்கள். பத்தாம் நாளே தூக்கிப் போட்டவர்களின் கல் இரண்டாகக் கிடக்கும். முழுதாகக் காய்ந்த கல்லையும் சிமென்ட் தரையில் போடக் கூடாது. பழைய லாரி டயரைப் படுக்கப் போட்டு, அதன்மேல் விடுங்கள்.

கல்லைத் தூக்கும்போது முதுகு வளைகிறதே, தப்பில்லையா?

டெட்லிஃப்டில் தப்பு, கல்லில் வளையாமல் எடுக்கவே முடியாது. கல்லைச் சுற்றிக் குனிந்து அணைக்கும்போது மேல்முதுகு வளையும். ஆனால் எடுக்கத் தொடங்கும் முன்பே வளைந்து, அதே வளைவில் இறுகி நிற்க வேண்டும். தூக்கும்போது வளைவு மாறிக்கொண்டே போனால்தான் ஆபத்து.

கல் இரண்டு கணுக்காலுக்கும் நடுவே இருக்கட்டும். விரல்களை விரித்துக் கல்லின் நடுக்கோட்டுக்குக் கீழே கொடுங்கள். முழங்கையை மடக்காமல் முழங்காலுக்கு மேல் கொண்டுவந்து, உட்காருவது போல் இறங்கி மடியில் வையுங்கள். இங்கே ஒரு மூச்சு. கைகளைக் கல்லின் மேல்பக்கம் மாற்றி இறுக அணைத்து, இடுப்பை முன்னுக்குத் தள்ளியபடி எழுந்திருங்கள். கல் மார்பில் உருண்டு மேடைக்குப் போகும். மேடைக்கு ஓரடி தள்ளி நின்று எழுந்தால் கல் விளிம்பில் இடித்துத் திரும்பி உங்கள் மேலேயே வரும். அதனால் எழுந்தபின் அரையடி வைத்து மேடையை ஒட்டுங்கள்.

பைசெப்ஸ் (மேல்கையின் முன்பக்கத் தசை) கிழிவது ஏன்?

சுமை ஏறும் கணத்தில் முழங்கை மடங்கியிருப்பதால். கல்லைக் கையால் "இழுக்க"ப் பார்ப்பது, டயரை மடக்கிய கையால் தூக்குவது, டெட்லிஃப்டில் ஒரு கை உள்ளங்கை முன்னே பார்க்கப் பிடிப்பது ஆகிய மூன்றும்தான் வழக்கமான வழி. கையை வெறும் கொக்கியாக நினையுங்கள்.

டயரில் இன்னும் ஒன்று: அதை மேலே தூக்கக் கூடாது, முன்னே தள்ள வேண்டும். மார்பை டயரில் பதித்து, பாதத்தை ஓரடி பின்னே வைத்து, 45 பாகையில் ரயில்பெட்டியைத் தள்ளுவது போல். இடுப்பு உயரம் வந்ததும் முழங்காலால் ஓர் உதை, உடனே கையைத் திருப்பித் தள்ளு. லாரி டயர் ரிம் இல்லாமல் 50 கிலோ அளவில் இருக்கும், பழக அது போதும். மொட்டை மாடியில் போட்டு வைத்தால் கீழ்ப்பக்கம் நான்கு துளை போடுங்கள். மழைநீர் தேங்கினால் கொசு வரும், பின்னாலேயே மாநகராட்சி அபராதமும் வரும்.

லாக் பிரஸ் மார்புவரை வருகிறது, மேலே போக மாட்டேன் என்கிறது. ஏன்?

அநேகமாக முழங்கை கீழே விழுந்திருக்கும். லாக் தடிமனானது, அதன் எடை உங்களுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிறது. முழங்கையை உயர்த்தி, மார்பை நிமிர்த்தி, மேலே பார்த்தால்தான் அது மேல்மார்பில் உட்காரும். அப்படி உட்காராவிட்டால் கால் கொடுக்கும் உந்துதல் லாக்குக்குப் போய்ச் சேராது. ஒரு கையகலம் மட்டும் முழங்காலை மடக்கி வெடித்து எழுங்கள். ஆழமாக இறங்கினால் லாக் முன்னே சரியும். நெற்றியைத் தாண்டியதும் தலையைக் கைகளுக்கு நடுவே நுழையுங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, நடுவர் "டவுன்" சொல்லும் முன்பே இறக்கிப் புள்ளியை இழப்பதுதான் முதல் போட்டியில் அதிகம் நடக்கும் தவறு. பயிற்சியில் ஒரு நண்பரை நிறுத்தி, அவர் சொன்னபின்தான் இறக்குங்கள். வேண்டுமென்றே சில சமயம் இரண்டு நொடி தாமதித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஃபார்மர்ஸ் வாக்கிலும் யோக்கிலும் தள்ளாடுகிறேன்.

அடி நீளமாக வைக்கிறீர்கள். பாதத்தின் நீளத்துக்கு மேல் அடி வேண்டாம். வேகம் அடியின் எண்ணிக்கையில் வரும். ஃபார்மர்ஸில் முன்முனை தாழ்ந்தால் கையை அரை இஞ்ச் முன்னே நகர்த்திப் பிடியுங்கள். முழுதாக நிமிர்ந்தபின்தான் முதல் அடி.

யோக் என்பது தோளில் தாங்கி நடக்கும் இரும்புச் சட்டம். நிமிர்ந்து நின்றால் அதன் கால் தரையிலிருந்து 5 முதல் 8 செ.மீ. எழும்பும்படி குறுக்குக் கம்பியை வையுங்கள். அதிக உயரம் வைத்தால் ஆட்டம் கூடும், குறைத்தால் தரையில் தட்டும். முதல் மூன்று அடி வேண்டுமென்றே மெதுவாக, பிறகு வேகம். சட்டம் ஆட ஆரம்பித்தால் எதிர்த்து இழுக்காதீர்கள், இடுப்பு போய்விடும். நின்று, இறக்கி, மறுபடி எடுப்பது அதைவிட வேகம்.

பெல்ட், ஸ்ட்ராப், பிசின் என்று எதை வாங்குவது?

10 மி.மீ. பெல்ட், மணிக்கட்டுக் கட்டு, ஸ்ட்ராப், மெக்னீசியம் கார்பனேட் பொடி. முதல் போட்டிக்கு இவை போதும். 7 மி.மீ. முழங்கால் உறை இருந்தால் நல்லது. கல்லுக்குப் பூசும் பிசின் அனுமதிக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். குளிர்நாட்டுக்காகச் செய்த வகை நம் மே மாத வெயிலில் தேன்போல் ஓடும். வெப்பத்துக்கான வகை என்று கேளுங்கள்.

சாப்பாட்டுக்குத் தனிச் செலவு செய்ய வேண்டுமா?

பெரிதாக இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். 80 கிலோ ஆளுக்கு 130 முதல் 160 கிராம். முட்டைக்கு 6 கிராம், அரை லிட்டர் பாலில் 16, சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30, காய்ந்த சோயா உருண்டை 100 கிராமில் சுமார் 50, வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 8 அல்லது 9. சோறு குறைக்க வேண்டியதே இல்லை. சோறில்லாமல் ஞாயிறு பயிற்சி ஓடாது. கிரியேட்டின் தினம் 3 முதல் 5 கிராம் பயன் தரும். "ஊசி போட்டால்தான் வரும்" என்று ஜிம்மில் யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள். முதல் போட்டியில் தோற்பவர்கள் பலமில்லாமல் தோற்பதைவிடப் பழக்கமில்லாமல் தோற்பதே அதிகம்.

எடையைக் குறைத்துக் கீழ்ப்பிரிவில் நிற்கலாமா?

முதல் முறை வேண்டாம். தண்ணீரை வற்றவைத்து எடை காட்டிவிட்டு, மறுநாள் வெயிலில் ஐந்து நிகழ்வு செய்தால் மூன்றாவதிலேயே தசைப்பிடிப்பு வரும்.

பெண்களுக்குப் பயிற்சி மாறுமா?

எடை மாறும், முறை மாறாது. கனமான தூக்கில் சிறுநீர் கசிவது பலருக்கு நடக்கிறது. வெட்கப்பட்டு மறைக்காமல் எடையைக் குறைத்து, பிசியோதெரபிஸ்டிடம் இடுப்புத்தளப் பயிற்சி கேட்டுச் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

ரத்த அழுத்தம் 140/90க்கு மேல் இருப்பவர், குடலிறக்கம் இருப்பவர், இதய நோய் உள்ளவர். மூச்சை அடக்கித் தூக்கும்போது அழுத்தம் பலமடங்கு ஏறுகிறது. முதுகுவலி காலுக்கு இறங்கி மரத்துப்போனால் அன்றே நிறுத்துங்கள். அளவுமீறிய பயிற்சிக்குப் பின் சிறுநீர் கருப்புக் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போட்டி அன்று?

மூன்று மணி நேரம் முன்பு பழகிய சாப்பாடு. இட்லி நல்லது, நெய் மிதக்கும் பொங்கல் நல்லதல்ல. நிகழ்வுகளுக்கு நடுவே வாழைப்பழம், உப்புச் சர்க்கரைக் கரைசல், நிழல். வெயிலில் கிடந்த இரும்புப் பிடி உள்ளங்கையைச் சுடும். உங்கள் முறைக்குமுன் ஈரத்துணி போர்த்தி, பிறகு நன்றாகத் துடைத்து உலரவிடச் சொல்லலாம். வார்ம்-அப்பில் போட்டி எடையைத் தொட வேண்டாம், 70 சதவீதத்தோடு நிறுத்துங்கள். பையில் இரண்டாவது சட்டை, இரண்டு வகைக் காலணி, டேப், பழைய துணி, ஒரு சின்னப் பாட்டில் தேங்காய் எண்ணெய். பிசின் சோப்புக்குப் போகாது, எண்ணெய்க்குத்தான் போகும். அதைத் தேய்த்துக் கழுவாமல் பைக் கைப்பிடியைப் பிடித்தால் வீடு வரை கை அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.